தண்ணீர் கட்டிய நகரம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பாலை நகரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். உலகில் பாலை நகரங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, நான் நேசித்துப் படித்தும் பார்த்தும் வந்த ஒரே ஊரைப் பற்றிப் பேசுகிறேன். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலையின் நடுவே இருக்கிற ஜெய்சல்மேர்தான் அந்த ஊர்.

ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். காலையில் கோட்டை, பகலில் மாளிகைகள், மாலையில் ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம், இரவு நெருப்பைச் சுற்றி ஆட்டம் பாட்டம், மறுநாள் விடிந்ததும் ஜோத்பூருக்கு வண்டி. பட்டியலில் குறை ஒன்றும் இல்லை. எல்லாமே பார்க்க வேண்டியவைதாம். ஆனால் இப்படிப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், "இந்த இடத்தில் எப்படி ஐயா ஒரு நகரம் எண்ணூறு வருஷத்துக்கு மேல் நிலைத்திருக்கிறது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும், இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தனித்தனியாகக் கிடக்கிற காட்சிகள் எல்லாம் ஒரே கதையாகச் சேர்ந்துகொள்ளும்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். தார் பாலை என்றதும் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான் என்று எண்ணுகிறோம். ஜெய்சல்மேர் நகரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் பாறையும் சரளையும் முட்புதரும் மண்டிய மேட்டு நிலம். பெரிய மணல்மேடுகளைப் பார்க்க 40 கிலோமீட்டர் போக வேண்டும். ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம். சென்னையில் அது சுமார் 1400 மில்லிமீட்டர். அந்த 200-ம் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துப் போகும். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வற்றாத ஆறு கிடையாது. கிணறு வெட்டினால் ஆழத்தில் கிடைக்கும் தண்ணீர் பல இடங்களில் உப்பு.

இந்த நிலத்தில், 1156-ஆம் ஆண்டு, பட்டி குலத்து ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சல், லோதுர்வா என்ற பழைய தலைநகரை விட்டுவிட்டு, திரிகூடக் குன்றின் மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையே கிணற்றில்தான் தொடங்குகிறது. கிருஷ்ணன் அர்ஜுனனோடு அந்தக் குன்றுக்கு வந்தானாம். பின்னொரு நாள் தன் வம்சத்தான் இங்கே நகரம் அமைப்பான் என்று சொல்லிச் சக்கரத்தால் பாறையைப் பிளந்து ஊற்றை வரவழைத்தானாம். கதையின் உண்மை இருக்கட்டும். ஒரு நகரம் பிறந்த கதையைச் சொல்ல நினைத்தவர்களுக்குப் போரோ புதையலோ தோன்றவில்லை, ஊற்று தோன்றியிருக்கிறது. அவர்களுக்கு எது பெரிது என்பது அதிலேயே தெரிகிறது.

தண்ணீர் இருந்ததால் ஒட்டகக் கூட்டங்கள் வந்தன. குஜராத்துக்கும் சிந்துவுக்கும் அதற்கப்பால் பாரசீகத்துக்கும் சரக்குப் போகும் வழியில் ஜெய்சல்மேர் தங்குமிடம் ஆயிற்று. பட்டும் அபினும் அவுரியும் உலர் பழங்களும் இந்த வழியே போயின. மன்னர்கள் சுங்கம் வசூலித்தார்கள், வணிகர்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். நீங்கள் அங்கே பார்க்கிற ஒவ்வொரு சிற்பமும் அந்தப் பணத்தில் செதுக்கியது. அந்தப் பணமும், பாலையைக் கடக்கிறவன் தண்ணீருக்காக இங்கே நிற்க வேண்டியிருந்ததால் சேர்ந்தது.

ஆகவே கோட்டைக்குப் போகும் முன் கடிசர் ஏரிக்குப் போங்கள் என்பேன். ஊரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கடசி சிங் விரிவாக்கிக் கட்டியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. விடியற்காலையில் போனால் மஞ்சள் கல் மண்டபங்களும் சத்திரி என்னும் குடை மண்டபங்களும் தண்ணீரில் நிழல் விழுந்து நிற்கும். நீர்ப்பறவைகள் வந்து இறங்கும். படகுச் சவாரியும் உண்டு. பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் நின்று ஏரியின் மேற்புறம் நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் ஏரியின் பெரிய பகுதி. மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் பாறைச் சரிவு முழுவதும் இந்த ஏரியின் நீர்பிடிப்பு. அங்கே விழுகிற ஒவ்வொரு துளியும் இங்கே வந்து சேரும்படி வழி செய்திருக்கிறார்கள். கடிசர் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாக ஒன்பது ஏரிகள் இருந்ததாக அனுபம் மிஸ்ரா எழுதியிருக்கிறார். இந்தியாவின் பழைய நீர்நிலைகளைப் பற்றி 1993-இல் இந்தியில் ஒரு அருமையான புத்தகம் எழுதியவர் அவர். ராஜஸ்தானத்து மழைநீர்ச் சேமிப்பைப் பற்றியே தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். ஏரிச் சங்கிலி என்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் நாம் சுமார் 900 மில்லிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு செய்ததை அவர்கள் 200 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதுதான் வியப்பு. ஆண்டுக்கொரு முறை ஊரே கூடித் தூர் வாரும், அரசனும் வந்து மண் சுமப்பான் என்பது அவர்கள் வழக்கமாக இருந்திருக்கிறது.

ஏரிக்குள் நுழையும் இடத்தில் ஓர் அழகான வாயில் நிற்கிறது. பெயர் தீலோன் கி போல். தீலோன் என்ற பெண் தன் பொருளில் கட்டிய வாயில் என்று சொல்வார்கள். ஒரு கணிகை கட்டிய வாயிலுக்குக் கீழே அரச குடும்பம் நடந்து போவதா என்று எதிர்ப்புக் கிளம்பியதாம். அவள் வாயிலின் மேலே பெருமாளுக்கு ஒரு சன்னிதி எழுப்பிவிட்டாள். கோயிலை யார் இடிப்பார்கள்? வாயில் இன்றும் நிற்கிறது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் தன் பெயரை நிறுத்த ஒரு பெண் இவ்வளவு போராடியிருக்கிறாள் என்றால், அந்த ஏரிக்கரை அந்த ஊரில் எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு ஜெய்சல்மேர் கடிசரை நம்பிக் குடிக்கவில்லை. 1958-இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இப்போதைய இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து 649 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டு 1980-களின் பிற்பகுதியில் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அது பெரிய நன்மை. குடத்தைத் தலையில் வைத்து மைல்கணக்கில் நடந்த பெண்களின் கழுத்து அறியும் அந்த நன்மையை. ஆனால் குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரியின் நீர்பிடிப்பில் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கின. இதுவும் நமக்குப் புதிய கதையல்ல.

அடுத்து, நகரிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டருக்குள் இருக்கிற குல்தரா. கூரையில்லாத கல் வீடுகள் தெருத்தெருவாக நிற்கும் வெறிச்சோடிய கிராமம். இதைப் 'பேய்க் கிராமம்' என்று விற்கிறார்கள். ஒரு கொடுமைக்கார திவான் ஒரு பெண்ணின் மேல் ஆசைப்பட்டான், 84 கிராமத்துப் பாலிவால் பிராமணர்களும் ஒரே இரவில் சாபமிட்டுவிட்டு வெளியேறினார்கள் என்பது கதை. வரிச் சுமையும் கிணறுகள் வற்றியதும் சிறிது சிறிதாக ஊரைக் காலி செய்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நிலநடுக்கம் காரணமாக இருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், பேயைத் தேடிப் போகிறவர்கள் அந்த மக்களின் மிகப் பெரிய சாதனையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அந்தச் சாதனையின் பெயர் கடீன். பாறை மேட்டிலிருந்து மழைநீர் ஓடிவரும் தாழ்வான இடத்தில் குறுக்கே நீளமான மண்கரை ஒன்று போடுவார்கள். ஆடி ஆவணியில் பெய்யும் மழை அந்தக் கரைக்குப் பின்னால் வயல் முழுக்கத் தேங்கி நிற்கும். மிகுதி நீர் வெளியேற மறுகால் உண்டு. தேங்கிய நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மேட்டிலிருந்து வந்த வண்டல் வயலில் படியும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வற்றி மண் ஈரமாக இருக்கும்போது கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருக்கும் ஈரமே அறுவடை வரைக்கும் பயிரைக் கொண்டுபோய்விடும். கரைக்குக் கீழே கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பயிர் செய்யும் நிலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பாறை மேடு அதற்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறது. பயனற்ற நிலம் என்று நாம் நினைப்பதுதான் அந்த வயலின் மேகம். பாலிவால்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதில் தேர்ந்திருந்தார்கள். கடீன்கள் இன்றும் அந்தப் பக்கம் பயிர் விளைவிக்கின்றன. குளிர்காலத்தில் போனால் சரளைக்காட்டின் நடுவே திடீரென்று பச்சைக் கோதுமை வயலைப் பார்ப்பீர்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பாருங்கள்.

அதைவிட நுட்பமானது குயீ. சில இடங்களில் மணலுக்கு அடியில் சுண்ணாம்புபோல் வெளுத்த இறுகிய படிவம் ஒன்று இருக்கும். பெய்த மழை ஆழத்து உப்பு நீரோடு கலந்துவிடாமல் அந்தப் படிவத்துக்கு மேலே மணலின் ஈரமாகத் தங்கிவிடுகிறது. அங்கே ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலத்துக்கு மட்டும் கிணறு இறக்குவார்கள். வெட்டவெட்ட மணல் சரியும் என்பதால் புல்லைத் திரித்த தடித்த வடத்தை உட்சுவரில் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த ஈரம் சுவரில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம்தான். ஆனால் வாய்க்கு இனிக்கும் தண்ணீர். ஓடுகிற மழைநீர், மணலில் தங்கும் ஈரம், ஆழத்து நீர் என்று தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்து, மூன்றுக்கும் மூன்று வேலை வைத்திருந்தார்கள் அந்த மக்கள்.

இப்போது கோட்டைக்கு வருவோம். தரையிலிருந்து 250 அடி உயரக் குன்றின் மேல் 99 கொத்தளங்களோடு நிற்கும் மஞ்சள் கல் கோட்டை. மாலை வெயில் பட்டால் பொன்னிறமாகிவிடும். வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1971-இல் இந்தக் கோட்டையை வைத்துச் சிறுவர்களுக்காகத் துப்பறியும் நாவல் எழுதி, 1974-இல் அதையே 'சோனார் கெல்லா' என்ற படமாகவும் எடுத்தார். பொற்கோட்டை என்று பொருள். அன்று முதல் வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். 2013-இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆனபோது இதுவும் அவற்றில் ஒன்று.

அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாயில்களைக் கடந்து வளைந்து ஏற வேண்டும். யானை ஓடிவந்து கதவை முட்ட முடியாதபடி வழியை வளைத்திருக்கிறார்கள். ஹவா போலின் கீழே எந்த வெயிலிலும் காற்று வீசும். ஊர்ப் பெரியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் சற்று உட்காருங்கள். உள்ளே அரண்மனை அருங்காட்சியகம், கோயில்கள், குறுகலான சந்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதே வீடுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் கோட்டை அது. திண்ணையில் பயறு புடைக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுகிறார்கள். கல்யாணம் நடந்த வீட்டுச் சுவரில் பிள்ளையாரை வரைந்து மணமக்கள் பெயரையும் நாளையும் எழுதிவைத்திருப்பார்கள்.

இந்தக் கோட்டைக்கு இன்று எதிரி யார்? தண்ணீர்தான். எந்தத் தண்ணீருக்கு ஏங்கி நகரம் எழுந்ததோ அதே தண்ணீர். குன்று முழுக்கக் கெட்டிப் பாறை அல்ல, மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்தது. கீழே இருந்து குடத்தில் சுமந்து வந்த காலத்தில் ஒரு வீடு ஒரு நாளைக்குச் செலவழித்த தண்ணீர் மிகக் குறைவு. பாத்திரம் கழுவிய நீர்கூட வீணாகாது. பிறகு குழாய் வந்தது. சுற்றுலா வளர்ந்து விடுதிகள் வந்தன. ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. பழைய வடிகால்கள் அந்த அளவுக்குக் கட்டியவை அல்ல. கசிந்த நீர் களிமண் அடுக்குகளில் இறங்கி அவற்றை வழுக்க வைத்தது, மேலே இருக்கும் மதில் நகர்ந்தது. உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் 1990-களிலேயே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. அதற்குப் பின் கொத்தளங்கள் இடிந்தன, செப்பனிட்டார்கள். 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் சரிந்து விழுந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்டைக்குள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் சுற்றுங்கள், சாப்பிடுங்கள், கடைகளில் வாங்குங்கள். இரவு தங்குவதைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் கோட்டை முழுசாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

கோட்டைக்குள் கட்டாயம் பார்க்க வேண்டியவை சமணக் கோயில்கள். பார்சுவநாதர், சம்பவநாதர், சந்திரபிரபர் என்று ஏழு கோயில்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வணிகக் குடும்பங்கள் எழுப்பியவை. காலையிலேயே போய்விடுங்கள். தோல் பொருள்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தூண்களையும் விதானத்தையும் பார்த்து முடித்ததும் சம்பவநாதர் கோயிலுக்கு அடியில் இருக்கும் ஞான பண்டாரத்தைக் கேளுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற ஆசாரியர் நிறுவிய சுவடி நூலகம் அது. 11-ஆம் நூற்றாண்டு ஓலைச் சுவடிகூட அங்கே இருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு அந்த ஓலைகளில் தனி உறவு உண்டு. பாலையில் பனை ஏது? மேற்கு இந்தியச் சமணர்கள் எழுதியது தெற்கே வளரும் தாளிப்பனை ஓலையில். நாம் பனையோலையில் எழுத்தாணியால் கீறி மை தடவினோம். அவர்கள் ஓலையைப் பதப்படுத்தி அதன் மேல் மையால் எழுதினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஓலையைப் பார்த்தால் கீறலே தெரியாது, கறுத்த எழுத்து வழவழப்பான ஓலையின் மேல் நிற்கும். சுவடிக்கு மேலும் கீழும் வைக்கும் மரப்பலகைகளில் வண்ணச் சித்திரம் தீட்டியிருப்பார்கள். நம் ஊரில் ஈரமும் கரையானும் சில நூற்றாண்டுகளில் ஓலையைத் தின்றுவிடும், அதனால் படி எடுத்துக்கொண்டே இருந்தோம். அங்கே பாலையின் வறண்ட காற்று ஆயிரம் வருஷத்து ஓலையைக் காப்பாற்றியிருக்கிறது. படையெடுப்புக்கு அஞ்சியவர்கள் தங்கள் சுவடிகளைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த இடம் இந்த எட்டாத ஊர். 1950 வாக்கில் முனி புண்யவிஜயர் இங்கே வந்து தங்கி இந்தச் சுவடிகளை ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டார். நம் உ.வே.சா.வை வணங்குகிற மனம் அவரையும் வணங்கும்.

கோட்டையிலிருந்து இறங்கி நகருக்குள் நடந்தால் ஹவேலிகள் என்னும் மாளிகைகள். பட்வா குடும்பத்தின் ஐந்து மாளிகைகள் ஒரே சந்தில் வரிசையாக நிற்கின்றன. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் தம் ஐந்து மகன்களுக்காக 1805-இல் தொடங்கினார், முடிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவானுக்காகக் கட்டிய நத்மல் ஹவேலியின் முகப்பை, ஹாத்தி, லூலு என்ற இரண்டு சகோதரச் சிற்பிகள் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்கள். தூர நின்று பார்த்தால் இரு பக்கமும் ஒன்றே போலிருக்கும். நெருங்கிப் போய் இடது பக்கத்து ஒரு பூவை எடுத்துக்கொண்டு வலது பக்கத்தில் அதன் இணையைத் தேடுங்கள். கிடைக்காது. அளவும் அமைப்பும் ஒத்துப்போகும், உள்ளே செதுக்கிய உருவம் மாறும். யானை, குதிரை, கொடிகளுக்கு நடுவே சைக்கிளும் ரயில் எஞ்சினும்கூட இருக்கின்றன.

இந்த மாளிகைகளின் ஜாலிகள், அதாவது துளையிட்ட கல் திரைகள், வெறும் அலங்காரம் அல்ல. சிறு துளைகள் வழியே வரும் காற்று வேகம் கூடி வீசும், வெயில் உடைந்து உள்ளே விழும். முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சாளரங்கள் கீழ்ச்சுவருக்கு நிழல் கொடுக்கின்றன. எதிரெதிர் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் தரும்படி தெருவைக் குறுக்கியிருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சந்தில் நின்று, பிறகு புதிய பஸ் நிலையத்து அகலச் சாலையில் வந்து நின்று பாருங்கள். கட்டடக் கலையைப் பற்றி நான் இங்கே ஒரு மணி நேரம் பேசுவதை உங்கள் தோல் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

நகருக்கு வடக்கே சுமார் 6 கிலோமீட்டரில் படா பாக். அரச குடும்பத்தாரின் நினைவுச் சத்திரிகள் வரிசையாக நிற்கும் இடம். எல்லோரும் சத்திரிகளைப் படம் எடுப்பார்கள். பக்கத்திலேயே 16-ஆம் நூற்றாண்டில் மகாராவல் ஜெய்த் சிங் கட்டிய அணையும் அதன் கீழே தோப்பும் இருக்கின்றன. அந்தத் தோப்பால்தான் அந்த இடத்துக்கே 'பெரிய தோட்டம்' என்று பெயர். இறந்த மன்னனின் நினைவு மண்டபத்தை அவன் சேர்த்துவைத்த தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இனி மணலுக்குப் போகலாம். சாம், குஹ்ரி என்று இரண்டு இடங்கள், இரண்டும் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். சாமில் கூட்டமும் கூடாரங்களும் ஜீப்புகளும் அதிகம். குஹ்ரி அமைதியான கிராமம், மண்சுவர்க் குடிசைகளுக்குப் பின்னாலேயே மணல்மேடுகள் தொடங்கிவிடும். ஒட்டகத்தில் ஏறுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது. அஸ்தமனத்துக்கு எல்லோரும் வருவார்கள், விடியலுக்கு நீங்கள் மட்டும் இருப்பீர்கள். இரவெல்லாம் வீசிய காற்று மணலை வரிவரியாகத் துடைத்து வைத்திருக்கும். அந்தப் புதிய பக்கத்தில் வண்டின் கால்தடம் ஒரு தையல்போல ஓடும், பக்கத்தில் எலி தாவிய குழிகள், நரியின் அடிகள். இரவில் இங்கே யாரும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஊரே நடமாடியிருக்கும்.

சாமைச் சுற்றியுள்ள பாலைவன தேசியப் பூங்கா 1980-இல் அமைந்தது, பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். கானமயிலுக்கு உலகில் மிஞ்சியிருக்கும் முக்கியமான கடைசி வீடு அதுதான். ஒரு மீட்டர் உயரம், பத்துக் கிலோவைத் தாண்டும் எடை, ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை, அதையும் வெறுந்தரையில் இடும் பறவை. இன்று உலகில் இருப்பவை 150 அளவுக்குத்தான். நேர் எதிரே இருப்பதைக் காணும் பார்வை அதற்குக் குறைவு. காற்றாலைகளுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் இழுத்த உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-இல் அந்த ஆணையைத் திருத்தி நிபுணர் குழு அமைத்தது. கூண்டில் குஞ்சு பொரிக்கச் செய்யும் முயற்சி இப்போது பலன் தருகிறது. உள்ளூர் மக்கள் தெய்வத்துக்கு விட்ட ஓரண் என்னும் காடுகளும் இந்தப் பறவைக்குப் புகலிடம். அங்கே ஒரு கிளையைக்கூட வெட்ட மாட்டார்கள். மரபும் சட்டமும் விஞ்ஞானமும் கைகோத்தால்தான் கானமயில் பிழைக்கும். வழிகாட்டியோடு போய், வண்டியை விட்டு இறங்காமல், தூரத்திலிருந்தே பாருங்கள்.

மாலையில் இசை. ஜெய்சல்மேரின் மாங்கணியார் என்னும் பரம்பரை இசைக் கலைஞர்கள் இஸ்லாமியர்கள். அவர்களை ஆதரித்த குடும்பங்கள் பெரும்பாலும் ராஜபுத்திர இந்துக்கள். அந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்தாலும் கல்யாணம் ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இவர்கள்தாம் வந்து பாட வேண்டும். கிருஷ்ணனைப் பாடுவார்கள், சூஃபி ஞானிகளையும் பாடுவார்கள். அவர்களுடைய கமாய்ச்சா என்ற வாத்தியத்தை அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். மரத்தைக் குடைந்த வட்டமான குடம், மேலே ஆட்டுத்தோல், நரம்புத் தந்திகள், அவற்றோடு சேர்ந்து அதிரும் உலோகத் தந்திகள். வில்லை இழுத்ததும் தொண்டை கட்டிய மனிதக் குரல் மாதிரி ஓர் ஓசை எழும்பும். ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த கமாய்ச்சா மேதை சாகர் கானுக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கலைஞர்களை உலகம் அறியச் செய்ததில் நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோத்தாரிக்குப் பெரிய பங்குண்டு. கூடாரங்களில் சினிமாப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நீங்கள் போனால் அவர்களுடைய பாட்டைக் கேளுங்கள். "உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாடுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அந்த முகங்கள் மாறும். பாடி முடித்ததும் கை நிறையக் கொடுங்கள்.

சாப்பாட்டில் கேர் சாங்ரி. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறு ஒன்றுமல்ல, நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அங்கே அது மாநில மரம். காயை உணவாக்குகிறார்கள், இலை ஆட்டுக்கு, நிழல் பயிருக்கு. கேர் என்ற முட்புதர்க் காயையும் சாங்ரியையும் உலர்த்தி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் போட்டு வதக்குவார்கள். கம்பு ரொட்டியோடு சாப்பிட்டால் புளிப்பும் லேசான கசப்பும் சேர்ந்து வரும். பச்சைக் காய்கறி கிடைக்காத ஊர் கண்டுபிடித்த கறி அது. மாதக் கணக்கில் கெடாது.

இன்னும் நேரம் இருந்தால் மூன்று இடங்கள். 1971 டிசம்பர் போரில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் தலைமையில் சுமார் 120 இந்திய வீரர்கள் பாகிஸ்தானின் டாங்கிப் படையை இரவு முழுக்கத் தடுத்து நிறுத்திய லோங்கேவாலா. எல்லைக் காவல் படையினரே பூசை செய்யும் தனோட் அம்மன் கோயில். நகரிலிருந்து 17 கிலோமீட்டரில், 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் ஆகல் புதைபடிவப் பூங்கா. இந்தப் பாலை ஒரு காலத்தில் காடாக இருந்தது, கடலோரமாக இருந்தது. ஜெய்சல்மேர் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு உரிய டைனோசருக்கு 2023-இல் தார் பாலையின் பெயரையே சேர்த்து தாரோசாரஸ் என்று பெயரிட்டார்கள்.

போக ஏற்ற காலம் ஐப்பசி முதல் மாசி வரை. மார்கழி, தை இரவுகளில் கம்பளி வேண்டும். மாக மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா நடக்கும். குறைந்தது மூன்று முழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கடிசரும் கோட்டையும், இரண்டாம் நாள் ஹவேலிகளும் படா பாக்கும், மூன்றாம் நாள் குல்தராவும் கடீனும் மணலும்.

நண்பர்களே, அந்த நகரம் எண்ணூறு வருஷமாக ஒரு வரவு செலவுக் கணக்கை நேர்மையாக எழுதிவந்திருக்கிறது. வானம் கொடுத்தது வரவு, மனிதர்கள் குடித்தது செலவு. செலவு வரவை மீறாமல் பார்த்துக்கொண்டதால்தான் கோயிலும் சுவடியும் பாட்டும் மிஞ்சின. இன்று அந்தக் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செலவு நாம், அதாவது பார்க்கப் போகிறவர்கள். போகாமல் இருப்பது தீர்வல்ல. நாம் கொடுக்கும் பணத்தில் சிற்பியும் பாடகனும் ஒட்டகக்காரனும் வாழ்கிறார்கள். ஒரு வாளியில் குளித்து, கோட்டைக்கு வெளியே தங்கி, உள்ளூர்க்காரர் கையில் பணத்தைக் கொடுத்து, திரும்பி வந்ததும் நம் ஊர் ஏரியின் நீர்பிடிப்பு எங்கே தொடங்குகிறது, யார் அதை அடைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால் ஜெய்சல்மேரை நாம் உண்மையாகவே பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த விசாரணையை இந்த வாசகர் வட்டமே முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.